ஜாக்கெட்டுக்கு ஜாதகம் பார்ப்பது எப்படி? – கேள்வி பதில்

துணி ஆலைகளிலும் தையல் யூனிட்களிலும் தணிக்கை வேலை பார்த்தவள் நான். லீவு கிடைத்தால் மலை. மலையேற்ற உடை விற்கும் பிராண்டுகள் ‘பசுமை’, ‘நியாயம்’ என்று சொல்லிக்கொள்வதை நம்மால் எந்த அளவுக்குச் சோதிக்க முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு. எதை வேண்டுமானாலும் கேளுங்கள், ‘எந்த பிராண்டு நல்லது?’ என்பதைத் தவிர.

அருண், கோவை: ஒரு பிராண்டின் இணையதளத்தைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

தொழிற்சாலைப் பட்டியலை. பனிமலை, ஆட்டு மந்தை, சிரித்த முகங்கள் எல்லாவற்றையும் தாண்டி அடியில் எங்காவது கிடக்கும். ஆலையின் பெயர், முகவரி, என்ன செய்கிறார்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற விவரங்கள் இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். ‘நம்பகமான பங்குதாரர்களிடம் தயாரிக்கிறோம்’ என்று மட்டும் இருந்தால் பக்கத்தை மூடிவிடலாம். ஓப்பன் சப்ளை ஹப் என்ற பொதுத் தளத்தில் ஆலையின் பெயரைத் தட்டினால், அங்கே வேறு எந்தெந்த பிராண்டுகள் தைக்கின்றன என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். விலை உயர்ந்த ஜாக்கெட்டும் மலிவு விலை டீசர்ட்டும் ஒரே கூரைக்குக் கீழே தயாராவதைப் பார்த்துச் சிலருக்கு மனசு உடையும்.

அப்புறம், அந்தப் பட்டியல் எந்தப் படி வரை போகிறது என்று பாருங்கள். தையல் முதல் படி. அதற்குப் பின்னால் துணி நெய்து சாயமேற்றும் ஆலை, அதற்கும் பின்னால் நூற்பு மில், கடைசியில் பஞ்சு, கம்பளி, பெட்ரோலியம். தண்ணீரும் ரசாயனமும் எரிபொருளும் அதிகம் செலவாவது பின்படிகளில்தான். பட்டியலோ பெரும்பாலும் தையலோடு நின்றுவிடும்.

மீனா, பெங்களூரு: அமெரிக்காவின் மலையேற்ற உடை பிராண்டு படகோனியா, அவர்கள் உண்மையிலேயே நல்லவர்களா, இல்லை எல்லாம் விளம்பரமா?

நல்லவர்களா என்பது சம்பந்தம் பேசும்போது கேட்கிற கேள்வி. கம்பெனியிடம் என்ன செய்தார்கள், எதைச் செய்யவில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

செய்தவை நிறைய. 1985-லிருந்து விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். லாபத்தில் அல்ல, விற்பனையில். லாபத்தைக் கணக்கில் சுருக்கிக் காட்டலாம், விற்பனையை அப்படிச் செய்ய முடியாது. 1993-லேயே பாட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து ஃப்ளீஸ் என்ற குளிர் தாங்கும் மெத்தென்ற துணியைத் தயாரித்தார்கள். 1996-ல் பருத்தி முழுவதையும் ஆர்கானிக்குக்கு மாற்றினார்கள். 2011 நவம்பரில், அமெரிக்காவே கடைக்கு ஓடுகிற பிளாக் ஃப்ரைடே அன்று, ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் நிறுவனர் இவான் ஷுனார்டின் குடும்பம் கம்பெனியையே கைமாற்றிவிட்டது. வாக்குரிமை உள்ள 2 சதவீதப் பங்கு ஓர் அறக்கட்டளைக்குப் போனது. மீதி 98 சதவீதம் போன அமைப்பு, வருகிற லாபத்தைச் சுற்றுச்சூழலுக்குச் செலவிடுகிறது.

இதெல்லாம் லாபம் எங்கே போகிறது என்பதைச் சொல்கிறது. ஜாக்கெட் எப்படித் தயாரானது என்பது தனிக் கதை. 2011-ல் தைவானில் தங்களுக்குத் துணி கொடுக்கும் ஆலைகளை படகோனியா தானே சோதித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலைக்காகத் தரகர்களிடம் பெரும் தொகை கட்டிவிட்டு, அந்தக் கடனை அடைக்கும் வரை அசைய முடியாமல் இருந்தது தெரிந்தது. 2015-ல் அதைப் பொதுவெளியிலும் சொன்னார்கள். இனித் தொழிலாளியிடம் தரகுப் பணம் வாங்கக் கூடாது என்று ஆலைகளுக்கு விதி வைத்தார்கள். எல்லோரும் தையல் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது கோளாறு அதற்குப் பின்படியில் இருந்திருக்கிறது. நான் மார்க் போடுவது, தானே தேடிப் போய் தானே வெளியில் சொன்னதற்கு.

மார்க் குறைப்பது கூலியில். ஃபேர் டிரேடு முத்திரை உள்ள உடை ஒவ்வொன்றுக்கும் பிராண்டு ஒரு கூடுதல் தொகை கட்டுகிறது. அதை எப்படிச் செலவழிப்பது என்று தொழிலாளர்களே கூடி முடிவு செய்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது சம்பளம் இல்லை, சம்பளத்துக்கு மேல் வரும் போனஸ் மாதிரி. அடிப்படைக் கூலியில் குடும்பம் நடத்த முடியுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சதீஷ், சேலம்: என் ரெயின் ஜாக்கெட்டில் ஜிப் போய்விட்டது. வாரண்டி கிடைக்குமா?

அது என் துறை இல்லை. உங்கள் ஊரில் பை தைப்பவரிடம் காட்டுங்கள், ரன்னர் மாற்றினாலே சரியாகிவிடும்.

நிவேதா, சென்னை: எத்தனையோ முத்திரைகள். எதை நம்புவது?

முத்திரை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எதற்குக் கொடுத்த முத்திரை என்று பாருங்கள். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன். ப்ளூசைன் ஆலையில் புழங்கும் ரசாயனத்தைப் பார்க்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100, கைக்கு வந்த துணியில் தீங்கான பொருள் இருக்கிறதா என்று சோதிக்கிறது. தைத்தவருக்கு ஓவர்டைம் கொடுத்தார்களா என்பது அதற்குத் தெரியாது. ஆர்.டி.எஸ். வாத்து இறகுக்கு. ஃபேர் வேர், பிராண்டு தன் ஆலைகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு. ஆர்கானிக் பருத்திக்கான காட்ஸ் நல்ல விதிமுறைதான். ஆனால் 2020-ல் இந்தியாவில் மட்டும் 20,000 டன் பஞ்சுக்குப் போலிச் சான்று இருப்பதை அந்த அமைப்பே கண்டுபிடித்தது.

செல்வம், திருப்பூர்: அக்கா, நாங்கள் தைக்கிற பக்கம். சான்றிதழ் கட்டணம், ஆடிட் செலவு எல்லாம் எங்கள் தலையில். ஆர்டர் கொடுக்கும் அதே பையர் அடுத்த சீசனில் ‘பீஸுக்கு விலையைக் குறையுங்கள்’ என்பார். இதில் யாருடைய நியாயம்?

மறுக்க மாட்டேன். பிராண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்: சான்றிதழுக்கு யார் பணம் கட்டியது? ஆர்டரைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு டெலிவரி தேதியை மாற்றாத பிராண்டுதான் ஓவர்டைமை உண்டாக்குகிறது. அப்புறம் ஆடிட்டரை அனுப்பி ‘ஏன் ஓவர்டைம்?’ என்று கேட்பதும் அதே பிராண்டுதான். இருந்தாலும் வெளியிலிருந்து அழுத்தம் இல்லாமல் நம் பக்கம் எதுவும் தானாக மாறியதில்லை. சாயக்கழிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்வம்: அங்கேதான் தப்பு. நொய்யல் ஆற்றுக்காகக் கோர்ட் படி ஏறியது விவசாயிகள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் நின்றபோது எந்த பிராண்டு வந்தது? 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று சுத்திகரிப்பு நிலையம் கட்டியது ஊர்ப் பணமும் அரசுப் பணமும். இன்று அதைப் படம் எடுத்துத் தங்கள் அறிக்கையில் போட்டுக்கொள்கிறார்கள்!

ஆற்று விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரித்திரம். நான் வெளி அழுத்தம் என்றது கோர்ட்டையும் சேர்த்துத்தான். ஆனால் மில்லுக்குள் நடப்பதைப் பாருங்கள். திருமணத்துக்கு மொத்தப் பணம் தருகிறோம் என்று சொல்லி இளம் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் ஊருக்கே தெரியும். அத்தனை ஆடிட்டும் அதே மில்களுக்குள் போய் வந்தது.

செல்வம்: எல்லா மில்லும் அப்படி இல்லை அக்கா.

எல்லா மில்லும் என்று நான் சொல்லவில்லை. ஆடிட் என்பது ஒரு நாள் விருந்தாளி. வீடு கூட்டிப் பெருக்கி வைத்திருப்பார்கள். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பரில் எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால்தான் எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்று கிடைத்திருந்தது. ஆடிட் வேறு, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேறு. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பெண் தொழிலாளர்கள் முன்னின்று நடத்தும் சங்கமும் ஆலை நிர்வாகமும் கையெழுத்திட்டன. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய உடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்பட்டன. பாலியல் தொல்லையைப் பற்றித் தொழிலாளியே புகார் கொடுக்கலாம், ஆலை நடவடிக்கை எடுக்காவிட்டால் ஆர்டரே பாதிக்கும். மூன்றும் மலையேற்ற பிராண்டுகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘இயற்கையின் காதலர்கள்’ யாரும் அந்தக் கையெழுத்தில் இல்லை.

செல்வம்: அதற்காவது அந்த ஆலைக்கு விலை கூட்டிக் கொடுத்தார்களா?

அதை பிராண்டிடம்தான் கேட்க வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்டால் உங்களுக்கும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

ரம்யா, ஊட்டி: நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு மழை ஜாக்கெட் வேண்டும். பி.எஃப்.ஏ.எஸ். என்கிறார்களே, அது என்ன?

நியாயமான கோபம். தண்ணீரும் எண்ணெய்க்கறையும் ஒட்டாமலிருக்க துணிமேல் பூசும் ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம். சிதையாது, ஆற்றிலும் ரத்தத்திலும் தங்கும். கலிபோர்னியா 2025 ஜனவரியிலிருந்து துணிகளில் இதைத் தடை செய்தது, கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். பிரான்சில் 2026-லிருந்து தடை. படகோனியா 2025-ல் முழுவதும் விட்டது. மழை ஜாக்கெட்டுக்குள் வைக்கும் நீர்புகாச் சவ்வுக்குப் பெயர்போன கோர்-டெக்ஸ் 2022-லிருந்து இது இல்லாத புதுச் சவ்வைக் கொண்டுவந்தது, ஆனால் கடைகளில் பழைய சரக்கும் ஓடுகிறது. ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’ என்று எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும்தான் வீட்டில் இல்லை என்று அர்த்தம்.

விக்னேஷ், மதுரை: டெகத்லானில் ‘எகோடிசைன்’ என்று போட்டிருக்கிறார்களே, வாங்கலாமா?

2022-ல் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் அந்தச் சொல்லைத்தான் பிடித்தது. என்ன நன்மை என்று தெளிவாகச் சொல்லாமல் போடுகிறீர்கள் என்றார்கள். டெகத்லான் மாற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு 4 லட்சம் யூரோ நன்கொடையும் கொடுத்தது. அதே ஆண்டு நார்வேயின் நொரோனா தன் ஆர்கானிக் டீசர்ட்டை துணியின் சுற்றுச்சூழல் பாதிப்பை அளக்கும் ‘ஹிக்’ என்ற குறியீட்டை வைத்து விளம்பரம் செய்தது. சராசரிக் கணக்கை எடுத்து இந்தச் சட்டைக்கு ஒட்டுவது நுகர்வோரைத் திசைதிருப்பும் என்று அங்குள்ள நுகர்வோர் அமைப்பு சொல்லிவிட்டது. இந்தியாவிலும் 2024 அக்டோபரில் பொய்ப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு விதிகள் வந்துவிட்டன. எதற்கு முத்திரை என்று பாருங்கள். மறுபடி சொல்லிவிட்டேன்.

பிரபு, திருச்சி: பாட்டிலில் செய்த ஃப்ளீஸ் நல்லதுதானே?

புது பெட்ரோலியத்தை விடப் பரவாயில்லை. ஆனால் பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கலாம். ஃப்ளீஸ் கிழிந்தால் அதோடு கதை முடிந்தது. துவைக்கும்போது நுண்ணிழை உதிர்வதும் நிற்காது.

கீதா, நாகர்கோவில்: சரி மேடம், கடைசியாக, எந்த பிராண்டு வாங்கலாம்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

ஹரி, ஈரோடு: எந்த பிராண்டு என்று ஒரே ஒரு பெயர் மட்டும்…

இல்லை.

ஜெசி, தூத்துக்குடி: என் பழைய மழை ஜாக்கெட்டில் தண்ணீர் உருண்டு ஓடாமல் துணியிலேயே ஊறி நிற்கிறது. புதிது வாங்கும் முன் ஏதாவது செய்யலாமா?

அப்பாடா, ஒரு நல்ல கேள்வி. பெரும்பாலும் மேலே அழுக்கும் வியர்வையும் ஏறியிருக்கும், அவ்வளவுதான். சாஃப்ட்னர் போடாமல் திரவ சோப்பில் துவையுங்கள். காய்ந்ததும் லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். தண்ணீர் விட்டுப் பாருங்கள்; முத்து முத்தாக உருண்டால் வேலை முடிந்தது. உருளாவிட்டால் ஃப்ளோரின் இல்லாத ஸ்ப்ரே ஒன்று வாங்கிப் பூசுங்கள், ஜாக்கெட் வேண்டாம்.