திருகோணமலையில் இருந்துகொண்டே திரைக்கதையில் முதுமாணி படிக்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: திருகோணமலையில் வேலை பார்த்துக்கொண்டே, வருடத்தில் ஓரிரு தடவை சில நாட்கள் மட்டும் நேரில் போய், திரைக்கதை எழுத்தில் வெளிநாட்டு முதுமாணிப் பட்டம் எடுக்க முடியுமா, எடுத்தால் அதற்குப் பெறுமதி உண்டா?

முடியும். ஆனால் பாதிப் பதில் உங்கள் கடவுச்சீட்டில் இருக்கிறது. அதனால் என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திருகோணமலையில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய் அங்கே பிரஜையாகி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள உவர்மலை வீட்டுக்குத் திரும்பி வந்த ஆள். 2022இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்த வகைப் படிப்பில் சேர்ந்தேன், முடித்தும்விட்டேன். விசாவுக்கு அலையவில்லை, கட்டணத்தை டொலர் சேமிப்பிலிருந்து கட்டினேன். இந்த இரண்டும் உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'லோ ரெசிடென்சி' என்று பெயர். எம்.எஃப்.ஏ. என்கிற நுண்கலை முதுமாணிப் பட்டம் பெரும்பாலும் இரண்டு வருடம். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் எட்டிலிருந்து பத்து நாள் வரை நேரில் கூடுவார்கள், மிச்சக் காலம் வீட்டிலிருந்து எழுதி அனுப்ப வேண்டும். வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வர முடியாத பெரியவர்களுக்காக உருவான ஏற்பாடு இது. எழுத்துப் படிப்பில் இதைத் தொடங்கியது வெர்மான்டில் இருந்த கோடார்ட் கல்லூரி, 1976இல். அந்தக் கல்லூரி 2024இல் மூடப்பட்டுவிட்டது. முறை மட்டும் பல இடங்களுக்குப் பரவி நிற்கிறது. திரைக்கதையும் சேர்த்துக் கற்றுத்தருகிற இடங்களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகம், கென்டக்கியில் உள்ள ஸ்போல்டிங், மசாசுசெட்சில் உள்ள லெஸ்லி ஆகியவை எனக்குத் தெரிந்தவை. நான் படித்த இடத்தின் பெயரை விட்டுவிடுகிறேன், இந்தப் பதிலுக்கு அது தேவையில்லை.

நேரில் போகும் அந்தப் பத்து நாட்களைப் பற்றி விளம்பரப் படங்களில் புல்வெளியும் சிரித்த முகங்களும்தான் இருக்கும். உண்மையில் மூச்சு விட நேரமில்லை. காலையில் விரிவுரை, பிற்பகலில் ஆறு எட்டுப் பேர் உட்கார்ந்து ஒவ்வொருவருடைய பக்கங்களையும் பிரித்து மேயும் பட்டறை, இரவில் வாசிப்பு. திரைக்கதையை மற்றவர்கள் பாத்திரங்களாகப் பிரிந்து சத்தமாக வாசிப்பார்கள். பேப்பரில் அழகாக இருந்த வசனம் இன்னொருவர் வாயில் போனதும் செத்து விழுவதை அங்கேதான் கேட்கலாம். அடுத்த தவணைக்கு உங்களுக்கு வழிகாட்டி யார், எத்தனை பக்கம் எழுதப்போகிறீர்கள் என்பதையும் அந்த நாட்களிலேயே பேசி எழுதிக் கையெழுத்து வைத்துவிடுவார்கள்.

அப்புறம் வீடு. மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை ஒரு கட்டு அனுப்ப வேண்டும். அதில் புதிதாக எழுதிய இருபத்தைந்து முப்பது பக்கத் திரைக்கதை, பார்த்த படங்களையும் வாசித்த திரைக்கதைகளையும் பற்றிய குறிப்பு, போன தடவை சொன்ன திருத்தம் எல்லாம் இருக்கும். வழிகாட்டி பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி, கூடவே ஒரு நீண்ட கடிதமும் அனுப்புவார். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். திரைக்கதை இலக்கணம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். உங்கள் பக்கங்களை ஒவ்வொரு மாதமும் வாசித்தே ஆகவேண்டிய கடமையுள்ள, திரைக்கதை தெரிந்த ஒரு ஆள் எங்கும் கிடைக்கமாட்டார். நண்பர்கள் "நல்லா இருக்கு மச்சான்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு உதாரணம் சொன்னால்தான் விளங்கும். என் திரைக்கதையில் நாயகன் கிண்ணியாவிலிருந்து மீன் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுனுக்கு வரும் வியாபாரி. காலம், கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன். அதாவது 2009க்கு முன்னால். பாதை, அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை, வரும்வரை துறையில் காத்திருக்க வேண்டும், ஏறி இறங்கினால் சோதனைச் சாவடி. சாவடி தெரிகிறபோதே அவன் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, யாரும் கேட்காமலே சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. இங்கே அந்தக் காலத்தில் வாழ்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டறையில் இருந்த அமெரிக்கர்களுக்கு அவன் குற்றவாளியாகத் தெரிந்தான். கேட்காமலே ஏன் காட்டுகிறான், எதை மறைக்கிறான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது பட்டறை விதி, அதனால் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் மனதுக்குள் ஓடியதெல்லாம், சிப்பாயும் அவனும் பேசுகிற ஒரு வசனத்தைப் போட்டு நிலைமையைச் சொல்லிவிடலாம் என்பதுதான். வழிகாட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. "இந்தக் காட்சியைத் தொடாதே. இதே செய்கையை இதற்கு முன்னால் வேறு யாராவது செய்யட்டும், பயப்படவே தேவையில்லாத ஒரு ஆள்" என்றார்.

வீட்டுக்கு வந்து நாலாவது காட்சியில் ஒரு பஸ்ஸை வைத்தேன். சாவடிக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஒரு கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை வெளியே எடுக்கிறாள். பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பிக்குள் இருந்து எடுக்கிறது. கண்டக்டர் காதில் பேனையைச் செருகிக்கொண்டு தன்னுடையதை எடுக்கிறார். யாரும் யாருடனும் கதைக்கவில்லை. பஸ் நிற்கிறது. அவ்வளவுதான் காட்சி. அதன் பிறகு வியாபாரி அட்டையை எடுக்கும்போது உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவருக்கும் சாவடியின் விதி தெரிந்துவிடுகிறது. அது தெரிந்துவிட்டால், கடைசிப் பகுதியில் ஒரு நாள் அவன் கை சட்டைப் பைக்குப் போய் வெறுமையாக வெளியே வரும்போது வசனம் தேவைப்படாது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுவதையே மணிக்கூடாக வைத்துக்கொள், யாரும் நேரத்தைச் சொல்ல வேண்டாம் என்பதும் வழிகாட்டியின் கடிதத்தில் வந்த யோசனைதான். இப்படி ஒரு கடிதம் கிடைத்தால் அந்த மாதக் கட்டணம் எனக்கு உறுத்தவில்லை.

அதே வழிகாட்டியால் செய்ய முடியாத வேலையும் இருக்கிறது. பக்கங்கள் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும். கிண்ணியா வியாபாரியும் உவர்மலை உத்தியோகத்தரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரிக் கதைப்பார்கள். அந்த வித்தியாசம் முழுக்கப் போய்விடும், போனது அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. நான் தமிழில் ஒரு பிரதியும் ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் வைத்திருந்தேன். தமிழ்ப் பிரதிக்கு என் பட்டறை அம்மாதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டு, "கிண்ணியா ஆக்கள் இப்பிடியே கதைக்கிறவை? காலமை மீன் சந்தைக்குப் போய் ஒரு மணித்தியாலம் நிண்டு கேள்" என்று அனுப்பிவிட்டார். போனேன். பாதி வசனம் அங்கிருந்து வந்ததுதான். ஊரில் இருந்து படிப்பதில் உள்ள லாபம் இது. இரண்டு வருடம் லொஸ் ஏஞ்சல்ஸ் அறையில் உட்கார்ந்திருந்தால் இந்த வசனங்களை நினைவிலிருந்துதான் எழுதியிருப்பேன்.

மென்பொருள் பற்றி ஒரு சின்னக் குறிப்பு, யாரும் சொல்வதில்லை என்பதற்காக. ஃபவுன்டன் என்று ஒரு இலவச எழுத்து முறை 2012இல் இருந்து இருக்கிறது, சாதாரண நோட்பேடிலேயே திரைக்கதை எழுதலாம். ஆனால் அது பாத்திரப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தமிழில் பெரிய எழுத்து ஏது? பெயருக்கு முன்னால் மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்த 'அட்' குறியைப் போடுங்கள், காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி. சரியாகப் பிரித்துக்கொள்ளும். எழுத்தில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு மட்டும் தமிழுக்குப் பொருந்தாது. அது கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் ஆங்கிலத்துக்கு வந்த கணக்கு, நம் சொற்கள் நீளம். வாசித்து நேரம் பாருங்கள்.

நேரமும் ஒரு சங்கதி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி வகுப்பு என்றால் இங்கே கோடையில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. மேற்குக் கரை என்றால் காலை 7.30 அல்லது 8.30, வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் இன்னும் கஷ்டம்.

இனி விசா. அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1இல் இருப்பவர், முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு தவணைக்கு ஒரு இணையவழிப் பாடத்தைத்தான், அதாவது மூன்று கிரெடிட்டைத்தான், சேர்த்துக்கொள்ளலாம். முக்கால்வாசியை வீட்டிலிருந்து செய்கிற படிப்பு அதற்குள் அடங்காது. அதனால் இப்படியான படிப்புகள் பலவற்றுக்கு மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் கொடுக்க முடிவதில்லை. சுற்றுலா விசாவில் போய் வரலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டத்துக்குக் கணக்கில் சேரும் படிப்பை அந்த விசாவில் படிக்க அனுமதி இல்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், "இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற நான் நேரடி அமர்வுக்கு எந்த விசாவில் வரவேண்டும்?" என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

காசு அடுத்தது. அமெரிக்காவில் இது பல பத்தாயிரம் டொலர் சங்கதி. டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் 30,000 டொலர் என்பது 90 இலட்சம் ரூபா, விமான டிக்கெட்டும் அறை வாடகையும் இல்லாமல். அமெரிக்க அரசின் கல்விக் கடன் வெளிநாட்டுப் பிரஜைக்குப் பொதுவாகக் கிடைக்காது. நான் சேர்ந்த வருடமே சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. ரூபாவில் சம்பளம் எடுக்கிறவர் அந்த வருடம் நடுவழியில் நின்றிருப்பார். வீட்டை ஈடு வைத்து இதைப் படிக்காதீர்கள். இதை நான் நாகரிகமாகச் சொல்ல விரும்பவில்லை. படித்து முடித்ததும் கடனை அடைக்கிற மாதிரி வேலை எதுவும் காத்திருப்பதில்லை. கோடம்பாக்கத்தில் யாரும் பட்டம் கேட்பதில்லை, கேட்பது கதையும் சீன் பேப்பரும்தான். எம்.எஃப்.ஏ. அமெரிக்காவில் கல்லூரியில் கற்பிக்கத் தகுதியான இறுதிப் பட்டம். இலங்கையில் விரிவுரையாளர் வேலைக்காகத்தான் எடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பல்கலைக்கழகமும் இந்தப் படிப்பு முறையும் ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் பார்க்கக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே தூரத்திலிருந்து படிக்கும் படைப்பெழுத்து முதுமாணி இருக்கிறது, நேரடி அமர்வு விருப்பம் இருந்தால் மட்டும் என்பதுதான் அதில் விசேஷம். நேரில் போகாமலே முடிக்கலாம் என்றால் விசாப் பேச்சே இல்லை. திரைக்கதையை மட்டும் எழுதிக்கொண்டிருக்க விடமாட்டார்கள், வேறு வடிவங்களிலும் எழுதவேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

மற்றது, முழுநேரமாக இந்தியா போவது. புனே திரைப்படக் கல்லூரியில் திரைக்கதைக்குத் தனிப் படிப்பும் அவ்வப்போது குறுகிய கால வகுப்புகளும் உண்டு. இலங்கையர்கள் இந்தியாவில் முதுமாணி படிக்க மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது, கொழும்பில் உள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். திரைக்கதைக்கு அது பொருந்துமா என்பதை அந்த வருட அறிவித்தலில் பாருங்கள். ஆனால் வேலையை விடவேண்டும். அதைத்தான் நீங்கள் விரும்பவில்லை என்று கேள்வியிலிருந்து விளங்குகிறது.

எந்த வழியானாலும் விண்ணப்பத்தோடு மாதிரிப் பக்கங்கள் கேட்பார்கள், அங்கேதான் ஆளைத் தெரிவு செய்கிறார்கள். லண்டனிலோ டொரொன்டோவிலோ நடக்கிற கதையை அனுப்பாதீர்கள், அது அவர்களுக்கு ஆயிரம் பேரிடமிருந்து வருகிறது. மூதூர்ப் படகோ, தம்பலகாமத்து வயலோ, டவுனுக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களோ, உங்களுக்குத் தெரிந்ததில் பத்துப் பக்கம் எழுதுங்கள். கோணேசர் கோயிலையும் கடலையும் வர்ணித்து ஆரம்பிக்க வேண்டாம். கமெராக்காரர் அதைத் தானே எடுத்துக்கொள்வார். ஆள் ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது காட்சி தொடங்கட்டும். எழுதி முடித்த பத்துப் பக்கத்தையும் ஊர்க்காரர் ஒருவரிடமும் ஊர் தெரியாத ஒருவரிடமும் கொடுத்து, இருவரும் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இரண்டு இடங்களையும் திருத்திவிட்டு அனுப்புங்கள்.