ஃபிளானல் உள்துணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூன்றடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்கும் போர்வையான குவில்ட்டின் நடுவில், பேட்டிங் என்னும் பஞ்சுப் படலத்துக்குப் பதிலாக, பஞ்சு கிளப்பிய பருத்தித் துணியான ஃபிளானலை வைத்துத் தைக்கலாம் என்று சென்ற முறை ஒரே ஒரு வரி எழுதியதற்கு, இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரை கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. மேல்துணி எது, உள்துணி எது, அடித்துணி எது என்று தெரிந்தவர்களுக்காகவே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். துணி என்ன, அளவு என்ன, நனைத்ததா நனைக்காததா என்ற மூன்றையும் சொல்லாமல் எழுதியவர்கள் பதில் சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வெக்கைக்கு உள்துணியே தேவையா? இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தால் போதாதா? (மண்டபம் வாசகி)

போதும், ஆனால் அதை விரிப்பாகத்தான் பயன்படுத்த முடியும். மார்கழி, தை மாத விடியற்காலையில்கூட இந்தக் கரையில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், குளிர்நாட்டுக்காரர்கள் வைக்கும் கனத்த பேட்டிங் நமக்குச் சுமையே தவிர சுகமில்லை. அதே நேரத்தில் மின்விசிறிக் காற்றுக்கும் கடற்காற்றின் ஈரத்துக்கும் நடுவே உறங்குகிறவருக்கு, வெறும் இரண்டு துணிகள் உடம்பில் படியாமல் விலகிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு ஃபிளானல் இருந்தால், அதன் பஞ்சு கிளப்பிய பரப்பு மேலும் கீழும் உள்ள துணிகளைப் பற்றிக்கொள்ளும். போர்வைக்கு ஓர் எடை கிடைக்கும். வியர்வையையும் அது உறிஞ்சும். பூவேலை புடைத்துக்கொண்டு தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மட்டும் ஃபிளானலை நாட வேண்டாம். அது தட்டையாகவே படுத்திருக்கும்.

ஒரு குவில்ட்டுக்கு எத்தனை மீட்டர் ஃபிளானல் வாங்க வேண்டும்? (கீழக்கரை வாசகி)

எந்த அளவுக் குவில்ட்டுக்கு என்று எழுதவில்லை. தொட்டில் விரிப்புக்கா, இரட்டைக் கட்டிலுக்கா? ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும் ஃபிளானலின் அகலம் பெரும்பாலும் 44 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். இரு பக்கக் கரைகளையும் வெட்டி, நனைத்துச் சுருங்கிய பிறகு 40 அங்குலம் மிஞ்சினால் நல்லது. ஆகவே இரண்டு நீளங்களை இணைத்தே ஆக வேண்டும். சுருக்கத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு நீளத்துக்கும் 105 அங்குலம் வைத்தால், மொத்தம் ஐந்தரை மீட்டர். வெட்டுவதற்கு முன் நனையுங்கள். இந்த வரியை இந்தப் பக்கத்தில் இன்னும் சில முறை படிக்கப் போகிறீர்கள்.

இரண்டு துண்டுகளை இணைத்தால் நடுவில் மேடு தட்டுகிறது. என்ன வழி? (பெரியபட்டினம் வாசகி)

சட்டைக்கு மூட்டுவது போல ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மூட்டியிருப்பீர்கள். உள்துணியை அப்படி இணைக்கக் கூடாது. கரைகளை வெட்டி நீக்கிவிட்டு, இரண்டு ஓரங்களையும் ஒன்றோடொன்று முட்டும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜிக்ஜாக் தையல் போடுங்கள். ஜிக்ஜாக் வராத கறுப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் கையால் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தியாகத் தைத்துவிட்டால் போதும். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது அது நிலைபெற்றுவிடும். கரையை விட்டுவைப்பது சோம்பேறித்தனம். கரைப்பகுதியின் நெசவு இறுக்கமானது. அது வேறு விதமாகச் சுருங்கி, அந்தக் கோடு முழுவதும் சுருக்கம் விழச் செய்யும்.

ஒரு முறை துவைத்ததும் என் குவில்ட் முழுவதும் சுருங்கிக் கசங்கியது போல ஆகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது? (உச்சிப்புளி வாசகி)

சரிசெய்ய முடியாது. நனைக்காமல் தைத்தீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதாவிட்டாலும் குவில்ட் சொல்லிவிட்டது. மேல்துணியாக வைக்கும் சாதாரணப் பருத்தித் துணி நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குச் சுருங்கும் என்றால், தளர்ந்த நெசவுள்ள ஃபிளானல் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சுருங்கக்கூடியது. உள்ளே இருப்பது அதிகமாகச் சுருங்கி மேலே இருப்பதை இழுக்கும்போது, தையலுக்குத் தையல் துணி புடைத்து நிற்கிறது. இஸ்திரி போட்டால் ஒரு நாள் படிந்திருக்கும். அடுத்த துவைப்பில் மறுபடி எழும். பழைய குவில்ட் போன்ற அந்தத் தோற்றத்தை விரும்பி வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களும் உண்டு. அதை அழகு என்று ஏற்றுக்கொண்டு போர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்த குவில்ட்டுக்கு: ஃபிளானலை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து அலசி, நல்ல வெயிலில் காய வைத்து, மறுபடியும் ஒரு முறை அவ்வாறே செய்யுங்கள். ஒரு முறை நனைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டாவது முறையிலும் கொஞ்சம் சுருங்கும். உங்கள் பகுதியில் கிணற்று நீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உவர்நீரில் சோப்பு சரியாகக் கரையாமல் துணியிலேயே படிந்து, மெத்தென்று இருக்க வேண்டிய ஃபிளானலை விறைக்க வைத்துவிடும்.

கடையில் ‘ஃபிளானல்’ என்று கேட்டு வாங்கினேன். மிகவும் மென்மையாக, பளபளப்பாக இருக்கிறது. இரண்டு முறை நனைத்தும் சுருங்கவே இல்லை. நல்ல தரம் என்று நினைக்கிறேன். சரிதானே? (இராமநாதபுரம் வாசகர்)

சரியில்லை. நீங்கள் வாங்கியது ஃபிளானலே இல்லை. இரண்டு முறை வெந்நீர் கண்டும் சுருங்காத, பளபளக்கும், தடவினால் கை வழுக்கும் துணி பாலியெஸ்டர் ஃபிளீஸ். வடநாட்டுக் குளிருக்கென்று மலிவாகச் செய்யப்படும் கம்பளிகளில் ‘ஃபிளானல் ஃபிளீஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள்; அதில் பருத்தி இழை ஒன்றுகூட இருக்காது. கடைக்காரர்கள் அட்டையைப் பார்த்துச் சொல்கிறார்கள், வாங்குகிறவர்கள் தொட்டுப் பார்த்து மயங்குகிறார்கள். பிறந்த குழந்தைக்குத் துணி வாங்கப் போன தாய்மார்கள்கூட இதையே கை நிறைய அள்ளி வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சந்தேகம் இருந்தால் எரித்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஓர் அங்குலத் துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தியாக இருந்தால் சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாடை வந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டராக இருந்தால் நெருப்பைக் கண்டதும் சுருண்டு, உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த கடினமான மணியாக உறையும். அந்த மணியை நசுக்க முடியாது. சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் இரண்டும் கலந்த துணி. ஆடை அணிந்தபடி ஓரத்தைப் பற்றவைக்காதீர்கள் என்று நான் எழுத வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். ஆயினும் எழுதி வைக்கிறேன்.

பாலியெஸ்டராக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். சித்திரையில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பாருங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விடும். இது உடம்பிலேயே நிறுத்தும். போதாததற்கு ஃபிளீஸ் பின்னல் துணி என்பதால் இழுத்தால் நீளும். நெய்த மேல்துணிக்கு அடியில் நீளும் துணியை வைத்துத் தைத்தால், வரி கோணும், மூலை சாயும், கடைசியில் ஓரத்தை மூடும் பைண்டிங் அலை அலையாக நிற்கும். குளிர்ப்பிரதேசத்தில் வசிக்கும் மகளுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் தைத்து அனுப்புங்கள். இங்கே போர்த்திக்கொள்வதற்கு வேண்டாம். கடையில் கேட்கும்போது ‘நூல் ஃபிளானல், நெய்தது’ என்று சேர்த்துக் கேளுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்து, பாவும் ஊடையும் குறுக்கு நெடுக்காகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஃபிளானல் சட்டைகள் இருக்கின்றன. அவற்றையே உள்துணியாக வைக்கலாமா? (தேவிபட்டினம் வாசகி)

தாராளமாக வைக்கலாம். பல முறை துவைத்துச் சுருங்கி முடிந்த துணி அது. தையல்களையும் பொத்தான் பட்டியையும் வெட்டி நீக்குங்கள். முழங்கைப் பகுதி நைந்திருந்தால் விட்டுவிடுங்கள். மேல்துணி வெள்ளையாகவோ இளநிறமாகவோ இருந்தால் சிவப்புக் கட்டம், கறுப்புக் கட்டம் எல்லாம் நிழலாகத் தெரியும்.

ஃபிளானலுக்குப் பதில் பழைய வேட்டி? (சாயல்குடி வாசகர்)

வைக்கலாம். வங்காளத்துக் கந்தா வேலையே பழந்துணி அடுக்கின்மேல் போடும் ஓட்டுத் தையல்தான். ஒரு வேட்டி போதாது. இரண்டு அடுக்காக வையுங்கள்.

இலவம்பஞ்சு? (அதே வாசகர்)

தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் இழை, குவில்ட்டுக்குள் நிற்காமல் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

என் கணவருக்குப் படகில் போர்த்திக்கொள்ள ஒன்றை, மீன்பிடித் தடைக்காலத்தில் தைத்துத் தர விரும்புகிறேன். ஃபிளானல் தாங்குமா? (பாம்பன் வாசகி)

தாங்கும், கனத்த பஞ்சு பேட்டிங்கைவிட இதுவே ஏற்றது. கடல்நீர் தெறித்த போர்வையை வீட்டுக்கு வந்ததும் அலச வேண்டும். கனத்த பேட்டிங் உள்ள குவில்ட்டைக் கையால் பிழிய முடியாது. காய இரண்டு நாளாகும். ஃபிளானல் உள்ளதை இருவர் நின்று முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டால், காலையில் போட்டது மாலைக்குள் காய்ந்துவிடும். அலசாமல் அப்படியே உலர்த்துவதுதான் பெரிய தவறு. துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் எப்போதும் நசநசவென்று இருக்கும். பிறகு புள்ளி புள்ளியாகக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். எனவே முதலில் நல்ல தண்ணீர், அதன் பிறகு சோப்பு.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் என்பதால் உங்களுக்கு நேரமும் இருக்கிறது, துணியை இரண்டு முறை நனைத்துக் காய வைக்க வெயிலும் இருக்கிறது. அடர்ந்த நிறத்தில் அடித்துணி வையுங்கள். டீசல் கறை தெரியாது. அந்தப் போர்வையை அடுப்புக்குப் பக்கத்தில் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஃபிளானலின் பஞ்சுப் பரப்பு நெருப்பை விரைவாகப் பிடிக்கும்.

பேரக்குழந்தைக்கு ஃபிளானல் வைத்த குவில்ட் தைத்திருக்கிறேன். அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். போதுமா? (தொண்டி வாசகி)

அந்துருண்டையை உடனே எடுத்துவிடுங்கள். அதில் உள்ள நாப்தலீன் சில குழந்தைகளுக்கு இரத்த அணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கக்கூடியது. துணியில் ஏறிய வாடையே போதும். குவில்ட்டை இரண்டு முறை துவைத்து, வாடை முழுவதும் போகும்வரை வெளியில் காற்றாட உலர்த்திவிட்டுக் கொடுங்கள். கஞ்சி போட்டு மடித்து வைக்காதீர்கள். கஞ்சியைத் தேடித்தான் வெள்ளிப்பூச்சி வருகிறது. பாலித்தீன் பையில் கட்டாமல் பழைய பருத்தி உறையில் போட்டு வையுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை உறங்கும்போது எந்தக் குவில்ட்டையும் மேலே போர்த்தக் கூடாது. விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்க, தரையில் விரித்துப் படுக்க வையுங்கள். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஃபிளானல் எதையும் சுற்றியபடி அந்தத் தட்டுக்கு மேலே குழந்தையைப் பிடிக்காதீர்கள். கங்கிலிருந்து ஒரு பொறி தெறித்தால் போதும்.

கால் இயந்திரத்தில் மூன்றடுக்கும் நகர மறுக்கிறது; நூலும் அறுகிறது. (தங்கச்சிமடம் வாசகி)

ஊசியைப் பார்த்தீர்களா? ரவிக்கைக்குப் போட்ட பழைய ஊசியிலேயே தைத்துக்கொண்டிருப்பீர்கள். அதுவும் உப்புக்காற்றில் துருப்பிடித்ததாக இருக்கும். புது ஊசி, 14 ஆம் நம்பர். ஃபிளானலும் அடித்துணியும் கனமாக இருந்தால் 16. தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டுங்கள். அழுத்துக் கம்பியின் உச்சியில் உள்ள திருகை இரண்டு சுற்று தளர்த்தினால், மேல்துணியை முன்னால் தள்ளுவதும் குறையும். ஃபிளானல் ஏராளமாகத் தும்பு உதிர்க்கும் துணி என்பதால், அடிநூல் சுற்றிய பாபின் காலியாகும்போதெல்லாம் ஊசித் தகட்டுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், பஞ்சு உள்ளேதான் போகும். ஒரு துளி எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் நாலு வரி தைத்த பிறகு குவில்ட்டைத் தொடுங்கள்.

சமையலறையில் பாத்திரம் பிடிக்கும் கைப்பிடித் துணிக்கு ஒரு ஃபிளானல் போதுமா?

கை சுட்டுவிடும். நாலு அடுக்காவது வையுங்கள். அடுப்புத் தீக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். ஊர் பெயரையாவது எழுதியிருக்கலாம்.

கையால் தைக்கிறேன். வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம்? (வேதாளை வாசகி)

நெய்த துணி என்பதால் பஞ்சு போலப் பிரிந்து ஓடாது. எட்டு அங்குலம் வரை இடைவெளி விட்டாலும் நிற்கும். ஆனால் மூன்றும் நெய்த துணிகள் என்பதால் ஊசி புக விரல் நோகும். ஒரு சாண் நீளத்துக்கு ஒரே மூச்சில் ஊசியில் கோக்க முயலாமல், இரண்டு மூன்று தையலாக எடுங்கள். நடுவிரலுக்கு விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளானல் துணியைப் பிடித்துக்கொள்கிறதே என்று தற்காலிகத் தையலை விட்டுவிடாதீர்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு சாணுக்கு ஒரு வரி போட்ட பிறகே தொடங்குங்கள். துணி நனைத்தாயிற்றா என்று நீங்களும் எழுதவில்லை.