எல்6050யூ பிழை: போர்டில் அல்ல, உரிமத்தில்

மதிப்புரைக்காக நீங்கள் சோதிக்கும் போர்டு பழுதோ என்று கேட்டீர்கள்; போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. போர்டிலுள்ள எஸ்டிஎம்32எஃப்407விஜி மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கான எல்சிடி (திரை) டெமோவை கெய்ல் என்ற நிரலாக்க மென்பொருளில் பில்ட் செய்யும்போது உங்களுக்கு வரும் எல்6050யூ பிழைக்குக் காரணம் உரிம வரம்பு. கெய்லின் இலவச, வரம்புள்ள பதிப்பான எம்டிகே-லைட்டில் நிரலும் தரவும் சேர்ந்து 32 கேபியைத் தாண்டக்கூடாது. சிப்பில் 1 எம்பி ஃபிளாஷ் நினைவகம் இருப்பதை லிங்கர் (நிரலின் பகுதிகளை ஒன்றாக இணைக்கும் கருவி) பொருட்படுத்தாது.

பெரும்பாலும் எழுத்துரு அட்டவணைகளும் படங்களும்தான் இடத்தைத் தின்றிருக்கும். ஒரு பெரிய எழுத்துருவை நீக்கி பில்ட் செய்து பாருங்கள். பிழை போய்விட்டால் காரணம் உறுதி.

அதற்காக டெமோவை வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம்:

1. ஃபைல் மெனு, லைசென்ஸ் மேனேஜ்மென்ட். லைட் என்று காட்டுகிறதா?
2. எம்டிகே கம்யூனிட்டி உரிமத்துக்கு மாறுங்கள். இலவசம், அளவு வரம்பும் இல்லை.
3. எம்டிகே 5.37 பதிப்பு முதல், பழைய கம்பைலர் 5 (நிரலை சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கருவி) சேர்த்துத் தரப்படுவதில்லை. பழைய டெமோ அதைத் தேடி நின்றால், டார்கெட் ஆப்ஷன்ஸில் கம்பைலர் 6 தேர்ந்தெடுங்கள். சிப் இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் அசெம்பிளி ஸ்டார்ட்அப் கோப்பு அப்போதும் முரண்டு பிடிக்கலாம்.

கம்யூனிட்டி உரிமம் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே. பணம் வாங்கிக்கொண்டு மதிப்புரை எழுதுவதாக இருந்தால் அந்த உரிமத்தை நம்பாதீர்கள். ஜிசிசி என்ற கம்பைலர் கொண்ட இன்னொரு நிரலாக்க மென்பொருளான எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ-யில் பில்ட் செய்யுங்கள், அதில் அளவு வரம்பே கிடையாது.