எந்த சர்வர் எதைத் தாங்குகிறது? கேள்வி பதில்

அலுவலகத்தில் எந்த அப்ளிகேஷன் எதை நம்பி ஓடுகிறது என்று வரைபடம் போடுவது எப்படி? மொரிஷியஸில் எபென் பக்கம் பல வருடம் இதே வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ரோஸ் ஹில்: அண்ணா, ஒரு பழைய சர்வரை மூன்று வாரம் கவனித்தோம். யாரும் தொடவில்லை. அணைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. நானும் ஒரு ஆகஸ்டில் இப்படித்தான் கவனித்தேன், சத்தமே இல்லை, அணைத்தேன். டிசம்பரில் ஆண்டு இறுதி போனஸ் கணக்குப் போடும் ஜாப் (தானாக ஓடும் புரோகிராம்) அந்த சர்வரில் இருந்த ஒரு ஃபோல்டரைத் தேடியது. வருடத்துக்கு ஒரே ஒரு முறை ஓடும் ஜாப். சட்டப்படி போனஸில் 75 சதவீதம் கிறிஸ்துமஸுக்கு ஐந்து வேலை நாள் முன்பே கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த இரண்டு இரவும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மாதக் கடைசி, வாட் தாக்கல், ஜூன் 30 கணக்கு முடிப்பு, டிசம்பர் எல்லாம் கடக்காமல் 'யாரும் தொடவில்லை' என்று சொல்லாதீர்கள்.

கியூர்பீப்: எந்த டூல் வாங்கலாம்?

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். ஃபயர்வால் லாக் (எந்த இணைப்பு வந்தது, போனது என்ற பதிவு), டிஎன்எஸ் லாக் (எந்த சர்வர் பெயரைத் தேடினார்கள் என்ற பதிவு), கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ் முகவரிகள், ஷெட்யூல்டு டாஸ்க் பட்டியல். நெட்ஸ்டாட் என்ற கட்டளை அந்த நொடியில் இருக்கும் இணைப்பை மட்டும்தான் காட்டும், இரவில் ஓடும் ஜாபைக் காட்டாது. எந்த டூலாக இருந்தாலும் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சொல்லும். அந்தப் பேச்சு நின்றால் வேலை நிற்குமா என்பதை அந்த வேலையைச் செய்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

போர்ட் லூயி: அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது?

சார்ந்து நிற்பதிலிருந்து, அது சார்ந்திருப்பதை நோக்கி.

வாக்குவா: தவறு சார். டேட்டா போகும் திசையில்தான் போட வேண்டும்.

சரி, வாருங்கள். விற்பனை சிஸ்டம் இரவு ஒரு ஃபைலை ரிப்போர்ட் சிஸ்டத்துக்கு அனுப்புகிறது. டேட்டா போவதும் இணைப்பைத் திறப்பதும் விற்பனைப் பக்கத்திலிருந்து. ஆனால் விற்பனை படுத்தால் காலையில் ரிப்போர்ட் காலி. ரிப்போர்ட் படுத்தால் விற்பனைக்கு ஒன்றும் ஆகாது. எது செத்தால் எது அழும், அதுதான் கேள்வி.

வாக்குவா: அனுப்ப முடியாமல் அந்த ஜாப் மாட்டிக்கொண்டு நின்றால்?

அப்போது விற்பனையும் அழும். ஒத்துக்கொள்கிறேன், அங்கே இரண்டு பக்கமும் அம்பு.

வாக்குவா: செக்யூரிட்டி ஆட்களுக்கு டேட்டா திசைதானே வேண்டும்?

அவர்களுக்குத் தனிப் படம் போடுங்கள். ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால் அவசர நேரத்தில் யாருக்கும் புரியாது. இந்தச் சண்டையை இதோடு விடுவோம்.

காத்ர் போர்ன்: நல்ல டூல் எது?

கியூர்பீப்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எபென்: புயலுக்கு மூன்றாம் எச்சரிக்கை வந்ததும் எல்லாவற்றையும் அணைக்கிறோம். திரும்ப எந்த வரிசையில் ஏற்றுவது?

நெட்வொர்க், டிஎன்எஸ், டொமைன் கன்ட்ரோலர் (லாகின் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர்), நேரம் (எல்லா மெஷினின் கடிகாரமும் ஒன்றாக இருப்பது). அப்புறம் ஸ்டோரேஜ், டேட்டாபேஸ், அப்ளிகேஷன், கடைசியில் வெப். நேரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விண்டோஸ் டொமைனில் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது. டொமைன் கன்ட்ரோலரே ஒரு விஎம்மாக (இன்னொரு மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் சர்வராக) இருந்து, அந்த விஎம் ஓடும் ஹோஸ்ட் மெஷினுக்கு டொமைன் கணக்கில்தான் லாகின் என்றால் வட்டமாகச் சுற்றுவீர்கள். ஹோஸ்டில் ஒரு லோக்கல் பாஸ்வேர்டு வையுங்கள்.

பெரிய ஆட்களும் இதில் விழுந்தவர்கள்தான். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற ஃபைல் சேமிப்புச் சேவை படுத்தபோது, 'படுத்துவிட்டது' என்று சொல்ல வேண்டிய ஸ்டேட்டஸ் பக்கமும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அதை மாற்ற முடியவில்லை. உங்கள் வரைபடம் எந்த சர்வரில் இருக்கிறது? ஒரு பிரதி அச்செடுத்து அலமாரியில் வையுங்கள்.

ரோட்ரிக்ஸ்: இலவச டூல் ஏதாவது...

மறுபடியும் டூலா! எக்ஸெல் போதும். ஒவ்வொரு வரியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடுங்கள்.

ரோஸ் ஹில்: அண்ணா, டிசம்பர் முடிந்ததும் அணைக்கலாமா?

ஜனவரியில் நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றுங்கள், சர்வர் ஓடட்டும். யாராவது கத்தினால் திரும்பச் செருகிவிடலாம். ஜூலை முதல் வாரம் வரை கத்தல் இல்லை என்றால் அணையுங்கள். டிஸ்க்கை மட்டும் இன்னொரு டிசம்பர் வரை தூக்கிப் போடாதீர்கள்.