உங்கள் பெயரை எடுக்க விடாதது யார்?

கேள்வி: எனக்கு 47 வயது. செல்லூரில் இருபது வருஷம் குடியிருந்தேன். பக்கத்துத் தெரு சிநேகிதியும் நானும் ஒன்றாகத் தையல் பழகினோம், ஒன்றாகவே மகளிர் குழுவில் சேர்ந்தோம். அவள்தான் குழுவை நடத்திக் கணக்குப் பார்க்கும் ஊக்குநர். ஆறு வருஷத்துக்கு முன் என் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள், சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, "லோன் தவணை ரெண்டு மாசமா நிக்குது" என்று கேட்டுவிட்டாள். கொழுந்தனார்கள் முன்னால் கூனிக் குறுகிப் போனேன். அன்றோடு பேச்சை விட்டேன். மகனைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய், பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தையல் மெஷின் ஓட்டிப் பிழைத்தேன். மகனுக்கு இப்போது அங்கேயே நல்ல வேலை. நான் செல்லூருக்குத் திரும்பி, வீடு பிடித்திருக்கிறேன். ஆவணி பிறந்ததும் வீட்டிலேயே தையல் கடை போட எண்ணம். தெருவில் அவளைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. ஒரு நாள் லேசாகச் சிரித்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழுவில் என் பெயரை இன்னும் எடுக்கவில்லை என்று பால் வாங்குகிற இடத்தில் ஒருத்தி சொன்னாள், எதற்கோ தெரியவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டால் பேசலாம். நானாகப் போனால் எனக்கு என்ன மரியாதை?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அவள் என்ன கேட்டாள், யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், பெரிய கொழுந்தனார் எப்படித் துண்டை உதறி எழுந்து போனார் என்பதெல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்கு வருகிறது. உங்கள் பெயரில் எவ்வளவு கடன் நின்றது, நீங்கள் ஊரை விட்டுப் போனபிறகு அதை யார் கட்டினார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

பெயரை எடுக்கவில்லை என்று யாரோ சொன்னதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, "எதற்கோ தெரியவில்லை" என்கிறீர்கள். ஏம்மா, அத்தனை வருஷம் குழுவில் உட்கார்ந்தவர் நீங்கள். உங்களுக்கா தெரியாது? குழு என்றால் பன்னிரண்டிலிருந்து இருபது பேர். மாதாமாதம் சேமிப்பு கட்ட வேண்டும், கூட்டத்துக்கு வர வேண்டும். வராமலும் கட்டாமலும் ஒருத்தி இருந்தால் கொஞ்ச நாளிலேயே பேச்சு கிளம்பும். அவள் சேமிப்பைக் கடனில் கழித்துவிட்டு, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பெயரை எடுத்துவிடுவார்கள். உங்களுக்கு ஆறு வருஷமாக அது நடக்கவில்லை. சும்மா இருந்தால் ஒரு பெயர் அப்படி நிற்காது. மாதாமாதம் யாரோ உங்களுக்காகப் பணம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால், எடுக்கலாம் என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் யாரோ வேண்டாம் என்று மறித்திருக்க வேண்டும். அது யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வரியை அவ்வளவு வேகமாகக் கடந்து போயிருக்கிறீர்கள்.

தவணை விஷயத்துக்கு வருகிறேன். குழுவுக்கு வங்கி கடன் கொடுப்பது வீட்டுப் பத்திரத்தை வைத்தோ நகையை வைத்தோ அல்ல. ஒருத்திக்கு இன்னொருத்தி பொறுப்பு என்பதுதான் ஈடு. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் அரசு தொடங்கிய குழுக்களிலிருந்து இன்றுவரை இதுதான் அடிப்படை. வங்கிக் கணக்கில் கடன் இருப்பது உங்கள் பெயரில் அல்ல, குழுவின் பெயரில். ஒருத்தி தவணை நின்றால் மற்றவர்கள் கையிலிருந்து போட்டுக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அடுத்த கடன் யாருக்கும் கிடையாது. ஒருத்தி மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டக் காத்திருந்திருப்பாள், இன்னொருத்தி தறிக்கு நூல் எடுக்கக் காத்திருந்திருப்பாள். அத்தனை பேரும் போய் நின்றது ஊக்குநர் வீட்டு வாசலில். அந்த இரண்டு மாதம் உங்கள் சிநேகிதி எப்படிச் சமாளித்தாள் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தீர்களா?

பதினாறாம் நாளில், பந்தலுக்குள் வைத்துக் கேட்டது தப்பு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், பத்து நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் கேட்ட இடம் தப்பே ஒழிய, கேட்ட விஷயம் தப்பில்லை. கேட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்ட விஷயத்தை ஆறு வருஷம் மறந்துவிட்டீர்கள்.

துண்டை உதறிய கொழுந்தனாரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அவ்வளவு ரோஷப்பட்டவர், "அண்ணி, எவ்வளவு பாக்கி? நான் கட்டுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். நீங்களும் பையனும் திருப்பூருக்குப் பஸ் ஏறியபோது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வரைக்குமாவது யாராவது வந்தார்களா? காரியத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து எழுந்து போகிறவர்கள் முன்னால் தலை குனிந்ததை மானக்கேடு என்கிறீர்கள். பங்காளி என்றாலும் சரி, பக்கத்துத் தெருக்காரி என்றாலும் சரி, நம் பாரத்தில் கை கொடுத்தவர்தான் எனக்கு உறவு. அந்த உறவை விட்டுவிட்டு, வேடிக்கை பார்த்தவர்களின் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் அழகர்கோவில் பக்கத்துப் புல்லுசேரி சின்னப்பிள்ளையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயல் கூலி வேலை பார்த்தவர், களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டி எழுப்பினார். டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அந்த அம்மா செய்த வேலை என்ன? பெண்களை வட்டமாக உட்கார வைத்து, ஐந்துக்கும் பத்துக்கும் கணக்குக் கேட்டது. கறாராகக் கேட்டதால்தான் அந்தப் பெண்கள் கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தப்பித்தார்கள். செல்லூரில் உங்கள் சிநேகிதி பார்த்ததும் அதே வேலைதான். கணக்குக் கேட்பவளைப் பகையாளியாகப் பார்க்கும் பழக்கத்தைப் பெண்களாகிய நாமே விடாவிட்டால் இந்தக் குழுக்கள் எத்தனை நாள் நிற்கும்?

சரி, என்ன செய்வது? மன்னிப்பை ஓரமாக வையுங்கள். அவள் உங்களைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. முகத்தைத் திருப்பியது நீங்கள், இனி எட்டு வைக்க வேண்டியதும் நீங்கள்தான். மத்தியானம் அவள் மெஷினில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பழம், ஸ்வீட் எதுவும் வேண்டாம். துணைக்கு யாரையும் அழைத்துப் போகாதீர்கள். "என் கணக்கில் எவ்வளவு நிக்குது, யார் கட்டினது?" என்று கேளுங்கள். அவள் "அதெல்லாம் விடு" என்பாள். விடாதீர்கள். நோட்டை எடுக்கச் சொல்லி, தேதி வாரியாகப் பார்த்து, உங்கள் கையால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ, பவர்டேபிள் ஓட்டிய கைக்கு ஜாக்கெட் தைத்து அடைப்பது பெரிய காரியமில்லை. அந்தப் பந்தலைப் பற்றி அன்றைக்கே பேச வேண்டாம். கணக்கு ஓடத் தொடங்கிய பிறகு, "அன்னிக்கு நீ அங்கே வச்சுக் கேட்டது எனக்கு ரொம்ப வலிச்சது" என்று சொல்லுங்கள். கடன்காரியாக நின்றுகொண்டு சொல்வதைவிட அப்போது சொல்வதுதான் அவள் மனசில் போய்ச் சேரும்.

மகனுக்கு இது தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். இன்று ராத்திரியே போனில் சொல்லுங்கள். வீட்டுக் கடன் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கவே கூடாது. அவன் மொத்தமாக அனுப்புகிறேன் என்றால் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள், மீதி உங்கள் தையலில் போகட்டும்.

கடைக்கு ஆவணி வரைக்கும் பொறுப்பது உங்கள் இஷ்டம். கடன் கணக்கைக் கேட்கப் போவதற்கு ஆடியும் ஆவணியும் பார்க்க வேண்டியதில்லை, இந்த வாரமே போங்கள். அவள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். ஆறு வருஷக் கோபம் அவளுக்கும் இருக்கும், அதற்கு அவளுக்கு உரிமையும் உண்டு. அப்படியானால் அடுத்த குழுக் கூட்டம் என்றைக்கு என்று பால் வாங்குகிற இடத்தில் சொன்னவளிடம் கேட்டு, நேரத்துக்குப் போய், அந்த மாதச் சேமிப்பை எல்லோர் முன்னாலும் கட்டிவிட்டு உட்காருங்கள்.