ஆன்மிக நம்பிக்கை ஒருவர் செய்யும் தொழிலை உண்மையிலேயே மாற்றுமா? உதாரணம் சொல்லுங்களேன்.

மாற்றும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி. பெங்களூர் சிவாஜிநகரில் எங்களுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அதனால் அவர் செய்ததன் அருமை என் தொழில் வழியாகவே எனக்குப் புரிந்தது.

1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்றுதான் ஆசை. ராணுவ மருத்துவப் பணிக்குப் பிறகு முடக்குவாதம் வந்து படுத்த படுக்கையாகி, விரல்கள் கோணிப்போயின. எழுந்ததும் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களிலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் செய்தார். பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தோடு அவருக்குப் பல வருடத் தொடர்பு. வாழ்க்கை முழுவதுமே யோகம் என்றார் அரவிந்தர். டாக்டர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தியானத்தையும் ஆபரேஷன் தியேட்டரையும் தனித்தனியாக வைக்கவில்லை. அரசு வேலையில் ஓய்வு பெற்றதும், 1976இல், 58 வயதில், கூடப்பிறந்தவர்களோடு 11 படுக்கையில் ஆஸ்பத்திரி தொடங்கி அரவிந்தர் பெயரையே வைத்தார்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது லென்ஸ் விஷயம்.

முன்பெல்லாம் கண்புரை எடுத்தால் கண்ணிலிருந்த லென்ஸும் போய்விடும். ஈடுகட்ட ஏறக்குறைய பிளஸ் 10 பவரில் கண்ணாடி போட வேண்டும். அப்பா காலத்தில் எங்கள் கடையில் இது நிறையப் போகும். நடுவில் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி. போட்டால் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும், கதவு நிலை வளையும், டம்ளரை எடுக்கப் போன கை தவறும், பக்கவாட்டில் வருகிற ஆள் திடீரென்று எதிரே முளைப்பார். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு. கூலி வேலைக்குப் போகிறவர் அதை எத்தனை நாள் உடையாமல் காப்பாற்றுவார்?

கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தபோது அது இறக்குமதிச் சரக்கு, ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. காசு கட்டுகிறவருக்கு லென்ஸ், இலவச நோயாளிக்குக் கண்ணாடி என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இலவசமாகப் பார்வை கிடைத்ததே பெரிது என்றுதான் சொல்லியிருப்போம். அவருக்கு மனசு ஆறவில்லை. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரிக்க ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. அவருடைய பக்தியை நான் பார்ப்பது இந்த இடத்தில்தான். ஏழையின் கண்ணுக்குள் இருப்பதும் அதே இறைவன் என்று நம்புகிறவருக்கு, அந்தக் கண்ணுக்கு மட்டும் இரண்டாம் தரம் கொடுக்கக் கை வராது.

சமீபத்தில் அல்சூரில் பூக்கட்டும் பாட்டி ஒருவர் கடைக்கு வந்தார். மதுரையில் மகள் வீட்டில் தங்கி, கண்ணுக்குள் லென்ஸ் வைத்து ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர். "பஸ் நம்பர் தூரத்துலயே தெரியுது தம்பி, கையில இருக்கிற நூலுதான் தெரியல" என்றார். கிட்டப் பார்வைக்கு ஒரு பிளஸ் 2.5 போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது தன் நகக்கண்ணில் இருந்த பூச்சாறுக் கறையை. அடடா, இதோடவா ஊரெல்லாம் சுத்தினேன் என்று சிரித்தார்.

நல்ல நிர்வாகம் இருந்தால் இதெல்லாம் நடக்கும், ஆன்மிகம் எதற்கு என்று என் தம்பி கேட்பான். நிர்வாகமும் இருந்தது, சந்தேகமில்லை. அங்கே தியேட்டரில் மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒரு கண்ணை முடிப்பதற்குள் நர்ஸுகள் அடுத்தவரைத் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைத் தொடங்கலாம். ஆனால் அந்த வேகத்தில் மிஞ்சிய காசை என்ன செய்வது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டுமே. அவர் அதை இலவச ஆபரேஷனுக்கே திருப்பினார். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்கள். தனியாக கிளினிக் வைத்து நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். அவர்களும் இவரோடுதான் நின்றார்கள். 2006இல் அவர் காலமான பிறகும் காசு அதே வழியில்தான் போகிறது.