சைக்கிளை விட்டு இறங்குவது – ஒரு கடிதம்

வணக்கம் டீச்சர்,

உங்கள் பக்கத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம். இப்போது சிகாகோவுக்கு வடக்கே இருக்கிறேன், வயது ஐம்பத்தாறு. டொக்டர் நடக்கச் சொன்னார், நான் சைக்கிள் வாங்கினேன். இங்கே டெஸ் பிளெய்ன்ஸ் என்று ஒரு ஆறு. அதன் கரையோடு, கவுண்டி பாதுகாக்கிற காடுகளுக்குள்ளால், பொடிக்கல் பரப்பிய பாதை ஒன்று ஏறத்தாழ 50 கிலோமீற்றர் போகிறது. சனி ஞாயிறில் ஆறுதலாக ஓடுவேன். மான் நிற்கும். போட்டியும் இல்லை, அவசரமும் இல்லை.

அடுத்த வருடம் ஊருக்கு வருகிறேன். மலையகத்தில் பத்து நாள் இப்படி ஓட ஆசை. ஆற்றோரமாக, காட்டுக்குள்ளால், ஆளரவம் இல்லாத பாதை எது? பெக்கோ ட்ரெயிலில் சைக்கிள் விடலாமா? எத்தனை கியர் வேண்டும்? தேயிலைத் தோட்டத்துப் பாதைகளின் படங்களைப் பார்த்தேன். ஒரு சனமும் இல்லாமல் சொர்க்கம் மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றுலா யோசனை கேட்டு வருகிற கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுடையதையும் விட்டிருப்பேன். ஆனால் அது வந்த காலையில் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற விறகுக் கொட்டிலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றில், துருப்பிடித்த ஆணிகளோடு ஒரு பிரேக் கட்டை கிடந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். இரும்புக் கூட்டுக்குள் கறுத்த ரப்பர். ஒரு ஓரம் மட்டும் தகடாகத் தேய்ந்திருக்கிறது, நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மகள் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கியர் எத்தனை என்பதை சைக்கிள் கடைக்காரரிடம் கேளுங்கள், தமிழ் டீச்சரிடம் அல்ல. பெக்கோ ட்ரெயில் கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல். நடப்பவர்களை நினைத்துப் போட்ட பாதை. சில கட்டங்களில் நீங்கள் சைக்கிளில் போகலாம், சிலவற்றில் சைக்கிள் உங்கள் தோளில் போகும். ஹோர்டன் சமவெளிக்குள் வட்டமாகப் போகிற ஒன்பது கிலோமீற்றர் பாதையும் நடைக்குத்தான். அங்கே ஆசைப்படாதீர்கள்.

ஆற்றோரக் காட்டுப் பாதை என்று நீங்கள் கேட்கிறது இங்கே கிடையாது. உங்கள் ஆறு சமதரையில் சோம்பலாகப் போகிற ஆறு. மழைக்குக் கரை மீறும் என்று ஓரத்தில் வீடு கட்டத் தயங்கியிருப்பார்கள், மரம் தப்பியிருக்கும். பக்கத்துக் குக் கவுண்டியில் 1914லேயே வாக்குப் போட்டு, காடுகளை வாங்கிக் காப்பாற்ற ஒரு நிர்வாகத்தை உண்டாக்கினார்கள். எங்களுக்கு நடந்தது வேறு. கோப்பிக்காக மலைச்சரிவை எல்லாம் வெட்டித் தள்ளிய பிறகு, 1873இல்தான் வெள்ளைக்காரனுக்குப் பயம் வந்தது. 5,000 அடிக்கு மேலிருக்கிற காட்டைத் தொடக்கூடாது என்றான். அதனால் இங்கே காடு தலையில் இருக்கிறது, ஆறு காலடியில் கிடங்குக்குள் ஓடுகிறது. நடுவில் முழுக்கத் தேயிலை. இரண்டையும் ஒரே பாதையில் பிடிக்க முடியாது. கொத்மலை ஓயாக் கரையில் ஓடலாம் என்று வந்தீர்களானால் இன்னும் வேடிக்கை. தலவாக்கலையில் அணை கட்டி, 2012இலிருந்து அந்தத் தண்ணீரை ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் அனுப்புகிறார்கள். நீங்கள் மேலே சைக்கிளில், ஆறு மலைக்கு உள்ளே.

சரி, இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "ஒரு சனமும் இல்லாமல் சொர்க்கம் மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படங்களை எத்தனை மணிக்கு எடுத்திருப்பார்கள் என்று யோசித்தீர்களா? காலை பத்து மணிக்குத் தோட்டத்துப் பாதையில் ஆள் இருக்காது. ஆட்கள் மலையில் நிற்பார்கள், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு. ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட ஓடுகிறவள், வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் ஓரமாக நடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போக மெயின் ரோட்டு வரைக்கும் நடக்கிற கிழவர். அது அவர்கள் வீட்டு முற்றம், தம்பி. ஆள் வெளியே போன நேரத்தில் முற்றத்தைப் படம் பிடித்துவிட்டு, யாருமே இல்லை, சொர்க்கம் என்கிறார்கள். நீங்களும் நம்புகிறீர்கள். உங்கள் ஊரைப் படம் பிடித்து யாராவது அப்படிச் சொன்னால் விடுவீர்களா?

நான் வளர்ந்த காலத்தில் தோட்டத்தில் சைக்கிளே அபூர்வம். டீச்சராகி முதல் வருடம், ஐந்தாம் வகுப்புக்கு 'எனது துவிச்சக்கரவண்டி' என்று கட்டுரை கொடுத்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவரிடமும் சைக்கிள் இல்லை. ஒரு பையன் "எனது துவிச்சக்கரவண்டிக்கு நான்கு சக்கரங்கள் உண்டு, அது மிகவும் விலை கூடியது" என்று எழுதியிருந்தான். துவி என்றால் இரண்டு என்று சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டு, அடுத்த கட்டுரையை எடுக்க மனமில்லாமல் இருந்தேன். 2022இல் பெட்ரோல் இல்லாமல் போனபோது கொழும்பில் சைக்கிள் வாங்க அடித்துக்கொண்டார்களே, நாங்கள் அப்போதும் நடந்தோம்.

எங்கள் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்த தொழிலாளி என் பெரியப்பா ஒருவர்தான். அவர் தப்பால்காரர். பொகவந்தலாவைத் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குத் தோல்பை கொண்டுவருவார். சைக்கிள் தோட்டம் கொடுத்தது இல்லை, சீட்டுப் பிடித்து வாங்கிய பழைய ராலே. போகும்போது இறக்கம், வரும்போது முழுக்கத் தள்ளல். இறக்கத்தில் கம்பிப் பிரேக் போதாது. மூடுபனியில் ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கிக்கொண்டு போகும். அதனால் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட குச்சிகளைப் பொறுக்கி, ஒரு கட்டாகக் கட்டி, சைக்கிள் கரியரில் கயிறு போட்டுப் பின்னால் தரையில் இழுபட விடுவார். அதுதான் பிரேக். இறக்கம் முடிகிற இடத்தில் அவிழ்த்து மதகுக்குக் கீழே ஒளித்து வைப்பார். திரும்பும்போது எடுத்துச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார், விறகுக்கு. "எங்க வூட்டு அடுப்பு ஒங்க பெரியப்பா பிரேக்குலதான் எரியுது" என்பார் பெரியம்மா. மண்பாதையில் மிலாறு இழுத்த கோடு மூன்று நான்கு விரல் அகலத்தில் போகும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தப்பால் போய்விட்டது, இன்றைக்குக் கடிதம் வரும் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்த சட்டம் இல்லை. துரை, அதாவது தோட்டத்து மேலாளர், எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், சைக்கிளில் இருந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் மடக்கத்தான் வேண்டும். ஒரு நாள் இறக்கத்தில் வளைவு திரும்பும்போது துரையின் ஜீப் எதிரே வந்துவிட்டது. பெரியப்பாவால் நிறுத்த முடியவில்லை. உட்கார்ந்தபடியே கடந்து போய்விட்டார். அவ்வளவுதான் குற்றம். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும், ஒரு மாதம் சைக்கிளில் ஏறக்கூடாது என்று உத்தரவு.

அவர் ஏறவில்லை. ஆனால் சைக்கிளைக் கொண்டுபோனார். ஒரு மாதமும், போகும்போதும் வரும்போதும், இறக்கத்திலும் ஏற்றத்திலும், கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். துரை ஜீப் எதிரே வந்தால் இறங்குவதற்கு ஒன்றுமில்லை, ஏற்கெனவே தரையில்தானே நிற்கிறார். பக்கத்தில் சைக்கிள் நிற்கும், தப்பால் பை ஹேண்டிலில் தொங்கும். நான் பள்ளிக்கூடம் போகும்போது சில நாள் கூட நடந்திருக்கிறேன். "ஏன் பெரியப்பா இதையும் தூக்கிட்டு?" என்று கேட்டதற்கு, "அதுவும் நடக்கட்டும் புள்ள" என்றார்.

இதனால்தான் சொல்கிறேன், தம்பி. கொழுந்து சுமந்துகொண்டு பெண்கள் எதிரே வந்தால் நீங்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் போதாது, காலை ஊன்றி நின்றாலும் போதாது. இறங்க வேண்டும். மணி அடிக்காதீர்கள். பின்னாலிருந்து மணி அடித்தால் பாரத்தோடு திடுக்கிட்டுத் திரும்புவார்கள், ஈரப் பாதையில் கால் வழுக்கும். தண்ணீர் ஓடுகிற கான் பக்கமாக ஒதுங்கி, சைக்கிளை உங்களுக்கும் மலைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கடைசிப் பெண் போகும்வரை நில்லுங்கள். கடைசியில் வருகிறவள்தான் வயதில் கூடியவளாக இருப்பாள், மெதுவாக வருவாள். அவள் உங்களைப் பார்த்து ஒதுங்கத்தான் பார்ப்பாள். பழக்கம் அப்படி. "நீங்க போங்கம்மா" என்று வாய் திறந்து சொல்லுங்கள். படம் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பெயரைக் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை இறங்க வேண்டியிருக்குமே என்பீர்கள். ஆறுதலாக ஓடத்தானே வருகிறீர்கள்? போட்டியில்லை, அவசரமில்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

பெரியப்பா 1973இல் இந்தியாவுக்குப் போனார். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் போட்டது, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி மக்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுப்பதாக. எங்கள் வீட்டில் அது ஒன்பது வருடம் கழித்து வந்து சேர்ந்தது. சைக்கிளை அப்பாவிடம் விட்டுவிட்டு, ஹட்டனில் கோச்சி ஏறினார். தலைமன்னாரில் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலை. தோட்டத்துக்கே கடிதம் சுமந்தவர் எங்களுக்கு எழுதியது ஒன்றே ஒன்று. அதிலும் நாலு வரிதான் ஊர்ச் செய்தி. கடைசி வரியில், "பின் பிரேக்கில் இடது கட்டை ஒரு ஓரம் தேய்ந்திருக்கிறது, உடனே மாற்றவும்." அப்பா மாற்றினார். கழற்றியதுதான் போத்தலில் கிடந்தது.

இனி உங்கள் பயணம். ஜனவரி பிற்பகுதியில் வாருங்கள், மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். மே மாதத்துக்குப் பிறகு ஹட்டன் பக்கம் மழை விடாது. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரவே வேண்டாம், கிரகரி வாவியைச் சுற்றச் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், சைக்கிளைவிட ஆள் கூட. நோர்வூட்டில் இறங்கி காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றுங்கள். தண்ணீர் விளிம்போடு வளைந்து போகிற பாதை, முழங்காலுக்குச் சுகம், 1878இல் கட்டிய வோர்லி தேவாலயத்தில் உட்கார்ந்து இளைப்பாறலாம். உங்களுக்கு வேண்டிய ஆற்றோரத்துக்கு எங்களிடம் இருக்கிற பதில் அதுதான். பழைய மஸ்கெலியா நகரம் மவுஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. வறட்சிக்குத் தண்ணீர் வற்றினால் கோயில் தெரியும். ஆனால் வார இறுதியில் அந்தப் பக்கம் போகாதீர்கள், சிவனொளிபாதமலை சீசனில் பஸ் வரிசை நெருக்கித் தள்ளிவிடும். தேயிலைக்குள் குளவிக்கூடு கண்டால் சத்தம் போடாமல் திரும்புங்கள். விடிவதற்கு முன் ஓடாதீர்கள், சிறுத்தை இருக்கிறது.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், ரிம் சுட்டுவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். கட்டை இரண்டு ஜோடி கூடுதலாகக் கொண்டுவாருங்கள். உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துகிறது ஹட்டனில் கிடைக்காது.

அன்புடன்,
டீச்சர்